இரண்டாவது சரணம்

அந்த வாரம் முழுக்கக் காற்று ஒரு நிலையில் இல்லை. மழையைக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெறும் புழுதியைக் கொண்டுவந்து கொட்டியது. திரைச்சீலை தைக்கிற வீட்டில் இதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. வெட்டுமேசையில் துணியை விரித்தால் ஒரு முனை எழும்பும், அதை அமுக்கினால் மறுமுனை எழும்பும். ஜன்னலைச் சாத்தினால் இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் ஆள் வெந்துபோக வேண்டியதுதான். திறந்தாலோ வெள்ளைத் துணியெல்லாம் மண். திறப்பதும் சாத்துவதுமாகவே பொழுது போய்க்கொண்டிருந்தது.

தொலைபேசி அடித்தது. சிரிப்புக்காரி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பில் குத்தி முடித்த பிறகுதான் போய் எடுத்தாள்.

"சொல்லுங்க... இல்லீங்க, போன தடவ சொன்னதுதான். சம்மதமில்ல... காரணம் எதுக்குங்க? வேணாம்னா வேணாம். வேலை கிடக்கு, வச்சிடறேன்."

பின்னால் தையல் இயந்திரம் சட்டென்று நின்றது. ஓரம் மடித்துக்கொண்டிருந்த பாட்டக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அந்த இயந்திரம் அப்படி நிற்பதற்கு என்ன அர்த்தம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சிரிப்புக்காரி என்பது அவளுக்குத் தொலைக்காட்சி கொடுத்த பட்டம். ஒரே ஒரு அலைவரிசை இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு பாட்டு நிகழ்ச்சி வந்தது. பார்க்கப் பிடித்தவர்களும் பார்த்தார்கள், பிடிக்காதவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. தரை வரை விரிப்புத் தொங்கும் ஒரு மேசை, அதன்மேல் காகிதப் பூக்கள், பின்னால் இரண்டு தொகுப்பாளர்கள். ஒருவர் பட்டுக்குரல் என்று பேரெடுத்தவர். அவர் 'அடுத்ததாக' என்று சொன்னாலே உருகுகிறவர்கள் இருந்தார்கள். இன்னொருத்தி இவள். அந்தச் சிரிப்புக்காகவே வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. இப்போது கழுத்தில் அளவு நாடாவும் காதோரம் நரையுமாக நிற்பவளைப் பார்த்து, "நீங்க அந்தச் சிரிப்புக்காரிதானே?" என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. "அவ செத்துட்டா" என்று சொல்லிவிட்டு ஜன்னலின் அகலத்தை அளப்பாள்.

நிலையத்தார் கையில் புதுச் சரக்கு இல்லையோ என்னவோ, பழைய நாடாக்களைத் தூசிதட்டி மறுபடி ஒளிபரப்பப் போகிறார்கள். ஆனால் தொகுப்பாளர்கள் வந்த நிகழ்ச்சியில் எந்தப் பகுதியையும் ஒரு தடவைதான் காட்டலாம், திரும்பக் காட்டுவதானால் அவர்களைக் கேட்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். பட்டுக்குரல் உடனே சம்மதித்துவிட்டார். வேறொரு நிகழ்ச்சியில் வந்த ஒருவர் மட்டும், அப்போது தலையில் இருந்த முடி தன்னுடையதில்லை என்பது இப்போதைய மனைவிக்குத் தெரியாது என்று மறுத்துவிட்டாராம். அவருக்காவது ஒரு காரணம் இருந்தது. இவள் எதுவுமே சொல்லவில்லை.

காரணம் சொல்லாவிட்டால் தெரு சும்மா இருக்குமா? "உடம்பு வச்சிடுச்சுல்ல, பழைய முகத்தோட ஒப்பிட்டுப் பாப்பாங்கன்னு பயம்" என்றாள் பால்காரி. "பிகு பண்ணிக்கிறா. இன்னும் கெஞ்சட்டும்னு பாக்குறா" என்றான் எதிர்க்கடைக் கண்ணாடிக்காரன். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான்.

தெருவை ஒதுக்கிவிடலாம். வீட்டுக்குள் இருந்த பாட்டக்காவை ஒதுக்க முடியாது.

பாட்டக்கா இவளுடைய நாத்தனார். அதற்கு முன்பு அதே நிகழ்ச்சியில் கோரஸ் வரிசையில் நின்றவள். மேசைக்குப் பின்னால் ஒரு படி உயரத்தில் நின்று ஆ என்றும் ஓ என்றும் இழுத்தவள். அங்கே பார்த்துப் பழகித்தான் சிரிப்புக்காரியைத் தன் தம்பிக்குப் பேசி முடித்தாள். சொந்தக்காரர்கள் கூடுகிற இடங்களில் இன்றைக்கும் யாராவது ஒரு பழைய பாட்டைப் போட்டுவிட்டு, "இதுல எந்த 'ஆ' உன்னோடது?" என்று கேட்பார்கள். ஒரே ஒரு தடவை, பாட வேண்டியவளுக்குக் காய்ச்சல் வந்த புண்ணியத்தில், பாட்டக்காவுக்கு ஒரு தனிப்பாட்டு கிடைத்தது. அதன் பதிவு நிலையத்தாரைத் தவிர வேறு யாரிடமும் இல்லை. இரண்டாவது சரணத்தில் தபலாக்காரன் தாளத்தை முந்திக்கொண்டு ஓடிவிட்டான், அதனால் ஒரு சொல் தட்டிப்போனது, அதோடு தனிப்பாட்டு வருவதும் நின்றுபோனது என்று அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

சென்ற வருஷம் தொண்டையில் கட்டி என்று கத்தி வைத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. பேசினால் காய்ந்த பலகையில் ரம்பம் ஓடுவது மாதிரி இருக்கும். அந்த நாடா ஒளிபரப்பானால்தான் அவள் குரல் இனி இந்த உலகத்தில் கேட்கும். அதைத் தடுத்துக்கொண்டு நிற்பவள் தன் தம்பி பெண்டாட்டி. இரண்டு நாளாகப் பேச்சு நின்றுவிட்டது. எல்லாம் ஏணிக்காரன் வழியாகத்தான் நடந்தது.

ஏணிக்காரன்தான் அந்தத் தம்பி. திரை மாட்டப் போகும்போது தோளில் ஏணி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, ஓரம் மடிச்சாச்சுன்னு" என்றாள் பாட்டக்கா, மூன்றடி தூரத்தில் இருந்தவளை வைத்துக்கொண்டு.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க, உள்துணி சுருங்குற துணி, ஒரு விரல் கூட விட்டு மடிக்கணும்னு."

"எனக்குத் தெரியாதான்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?" என்றான் அவன், சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. பருப்பு ஆறிக்கொண்டிருந்தது. "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. எனக்கு மட்டும் ஏன் இந்த வாழ்வு?"

"உனக்கென்னடா" என்றாள் பாட்டக்கா அந்த ரம்பக் குரலில். "ஒரே ஒரு பாட்டுடா. அரைக் காசுக்குப் பெறாத இந்தக் குரல் ஒரு காலத்துல எப்படி இருந்துச்சுன்னு நானும் ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன். அது கூடவா பொறுக்கல?"

சிரிப்புக்காரி வெட்டுக்கோட்டைப் பார்த்துக் குனிந்தாள். கத்தரிக்கோல் துணியில் நேராக ஓடிக்கொண்டிருந்தது. கோடு விலகவில்லை.

மறுநாள் ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் திரை மாட்டும் வேலை. ஜன்னல்கள் இரண்டு ஆள் உயரம். ஏணிக்காரன் மேலே நிற்க, சிரிப்புக்காரி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாட்ட வேண்டிய கொக்கிகளை அவன் வாயில் கவ்வியிருந்தான். வெளியே காற்று கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கீழ பாக்காதீங்க. வேலையப் பாத்துக்கிட்டே கேளுங்க."

"ம்."

"எங்க மேசைக்கு ஒரு விரிப்பு போட்டிருப்பாங்க, ஞாபகம் இருக்கா? தரை வரைக்கும்."

"ம்."

"அதுக்கடியில அந்தாளு கை எப்பவும் என் மேலதான் இருக்கும்."

இந்தத் தடவை 'ம்' வரவில்லை. ஒரு கொக்கி மட்டும் தரையில் விழுந்து உருண்டு ஓடியது.

"பட்டுக்குரலச் சொல்றேன். முட்டியில ஆரம்பிப்பான். கேமராவுல சிவப்பு விளக்கு எரியுற வரைக்கும் முகம் மாறக்கூடாது, சிரிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு தடவ கிள்ளிட்டான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பாட்டக் கேட்டு நான் உருகிட்டேன்னு பாராட்டிக் கடுதாசி வந்துச்சு. கட்டுக் கட்டா."

அவன் கொக்கிகளைக் கையில் துப்பினான். "நிறுத்தச் சொல்லியிருக்கலாமே."

"யாரு நிறுத்துவா? ஒரே மூச்சுல எடுக்குறது. நடுவுல நின்னா மறுபடி முதல்லேருந்து எடுக்கணும். இருமல் வந்தாக்கூட முழுங்கிக்குவோம். கூரை பிச்சுக்கிட்டு விழுந்தாலும் பாட்டு நிக்காது. அங்க அதான் சட்டம்."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"வேலைய விட்டேனே. அதான் நான் சொன்னது. கல்யாணம் ஆகப்போகுது, அதான் போறான்னு அவங்களே ஒரு காரணமும் வச்சுட்டாங்க. ஏணிய ஆட்டாதீங்க."

அவன் இறங்கி வந்தான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"விரிப்பு முன்பக்கம்தான். பின்பக்கம் திறந்து கிடக்கும். கோரஸ் வரிசை எங்களுக்குப் பின்னாடி." அவள் குனிந்து அந்தக் கொக்கியைத் தேடி எடுத்தாள். "வேலைய விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டேன். 'நான் பாட்டுத் தாளையே பாத்துக்கிட்டு நின்னேன், எதையும் பாக்கல'ன்னாங்க. நம்பிட்டேன். இல்லேன்னா உங்க வீட்டுல வந்து வாழ்ந்திருக்க முடியுமா?"

"அவன் இப்ப எங்க இருக்கான்?"

"எங்க இருந்தா என்ன, ஏணியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடாதீங்க. போன மாசம்கூடப் பாராட்டுக் கூட்டம் நடத்தினாங்க. அந்தச் சிரிப்ப ஊரு மறுபடி உக்காந்து ரசிக்கணுமா? புகுந்த வீட்டுல நம்ம பொண்ணு பாக்கணுமா? என்னால முடியாதுங்க." பிறகு கொஞ்சம் குரல் தணிந்து, "அக்காகிட்ட சொல்லாதீங்க. அந்தப் பாட்டாவது அவங்களுக்கு நல்லபடியா ஞாபகத்துல இருக்கட்டும்" என்றாள்.

மிச்ச ஜன்னல்களையும் மாட்டிவிட்டுத்தான் வந்தார்கள். மடிப்புகளெல்லாம் ஒரே அளவில் விழுந்திருக்கின்றன என்று விடுதிக்காரர் பாராட்டினார். இருவர் காதிலும் விழவில்லை.

இதற்குள் பாட்டக்கா சும்மா இருக்கவில்லை. யாரையும் கேட்காமல் நிலையத்துக்கு அவளே பேசியிருந்தாள். விளைவு, மறுநாள் காலையில் நிலையத்து அம்மாள் ஒருத்தி ஜலதோஷமும் கைக்குட்டையும் ஒரு மடிக்கணினியுமாக வாசலில் வந்து நின்றாள். பழைய நாடாக்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. நல்ல மாதிரிதான். காலணியைக் கழற்றவா வேண்டாமா என்று நூல் குப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு தடவ பாத்துட்டா மேடம் மனசு மாறிடும்னு அம்மா சொன்னாங்க. நாடாவ வெளிய குடுக்க எங்களுக்கு அனுமதியில்ல. நேர்ல போட்டுக் காட்டலாம்."

சிரிப்புக்காரி பாட்டக்காவைப் பார்த்தாள். பாட்டக்கா தலைவாரி, வெளுத்த புடவை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு சண்டை போட மனம் வரவில்லை.

"போடுங்க. அக்கா கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

வெட்டுமேசையில் மடிக்கணினி திறந்தது. முதலில் வந்தது சிரிப்புக்காரியின் குரல்தான், தேனில் தோய்த்த இளங்குரல். கூடவே பட்டுக்குரல். இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்று துணி கருகும் வாசனை வர, அவள் வெடுக்கென்று எடுத்தாள். பிறகு பாட்டு தொடங்கியது.

என்ன குரல் அது! எங்கும் அழுத்தாமல், எதையும் காட்டிக்கொள்ளாமல், தாழ்ந்த இடத்தில் அப்படியே அமர்ந்து, மேலே போகும்போது போவதே தெரியாமல் போனது. வாசலில் ஏணியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த ஏணிக்காரன் கையை நிறுத்தினான். சொந்த அக்காள், எத்தனையோ தடவை சமையலறையில் முணுமுணுக்கக் கேட்டிருக்கிறான். இதைக் கேட்டதில்லை. பாட்டக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சிரிப்புக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"இதோ, இரண்டாவது சரணம்" என்றாள் பாட்டக்கா. "இங்கதான் அந்தத் தபலாக்காரன் ஓடுவான் பாரு."

தபலா ஓடவில்லை. அது பாட்டுக்கு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒலிவாங்கி முன்னால், மேசைக்கு ஓரடி பின்தள்ளிப் பாட்டக்கா நிற்கிறாள். திரை முழுக்க அவள் முகம். அந்த முகத்தில் கண்கள் மட்டும் பக்கவாட்டில், கீழே, மேசைப் பக்கம் போகின்றன. போன இடத்திலேயே நிற்கின்றன. வாய் நிற்கிறது. ஒரு சொல் விழுந்துபோகிறது. பிறகு கண்களை இழுத்துக்கொண்டு நேரே பார்த்து அடுத்த சொல்லிலிருந்து பாடுகிறாள்.

பாட்டு முடிந்தது. உடனே சிரிப்புக்காரியின் சிரிப்பு, கலகலவென்று, அருமை அருமை என்றது.

"சின்னத் தடுமாற்றம்தான்" என்றாள் நிலையத்து அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "யாருக்கும் தெரியாது."

"அந்த இடத்த இன்னொரு தடவ ஓட்டுங்க" என்றாள் சிரிப்புக்காரி.

ஓட்டினாள். அதே கண்கள், அதே இடம். பாட்டக்கா இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"தபலா சரியாத்தான் போகுது அக்கா."

காற்றில் ஜன்னல் கதவு அடித்தது. யாரும் எழுந்து சாத்தவில்லை.

"பாத்தேன்" என்றாள் பாட்டக்கா.

சிரிப்புக்காரி மடிக்கணினியை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"அவன் கை இருந்த எடத்தையும் பாத்தேன், நீ சிரிச்சதையும் பாத்தேன். பாட்ட நிறுத்திடணும்னுதான் வாய் நின்னுச்சு. தபலாவும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அப்புறம், நிறுத்தினா மறுபடி முதல்லேருந்து எடுப்பாங்க, அதுக்குள்ள அந்தக் காய்ச்சல்காரி வந்துடுவான்னு தோணிச்சு. பாடிட்டேன்." ரம்பக் குரல் அறுந்து அறுந்து வந்தது. "அந்தப் பாட்டும் எனக்கு நிலைக்கல. தடுமாறுறவன்னு பேராச்சு. செத்துப்போன தபலாக்காரன் தலையில தூக்கிப் போட்டேன், பாவம்."

"நான் வந்து கேட்டேனே அக்கா! நேரா வந்து, உங்க கையப் பிடிச்சுக் கேட்டேனே!"

"கேட்ட."

"நானே கற்பனை பண்ணிக்கிறேனோ, என் புத்திதான் கோணலோன்னு எத்தன நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா?"

"அங்கேருந்து உன்னக் கூட்டிட்டு வந்துட்டாப் போதும்னு நெனச்சேன். அதான் தம்பிக்குப் பேசினேன்."

"நான் உங்ககிட்ட மாப்பிள்ளையா கேட்டேன்?" என்று கத்தினாள் சிரிப்புக்காரி. "பாத்தேன்னு ஒரு வார்த்த! அந்த ஒரு வார்த்ததானே கேட்டேன்!"

உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல், எண்ணெய்த் துணியும் கையுமாக அந்த மாப்பிள்ளை வாசலிலேயே நின்றான். மனைவி மேல் இரக்கமும் அக்காள் மேல் கோபமும், இருவர் மேலும் இரண்டுமாக அவனைப் போட்டு அலைக்கழித்தது.

நிலையத்து அம்மாளுக்கு விஷயம் மெல்ல மெல்லப் புரிந்தது. ஜலதோஷத்தையும் மறந்தாள். "எனக்குத் தெரியாது மேடம், சத்தியமாத் தெரியாது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, வேலை செய்து பழகிய பழக்கத்தில், "மேசை வர்ற இடத்தையெல்லாம் வெட்டிட்டு இந்தப் பாட்ட மட்டும் போடலாம். உங்க முகம் ஒரு எடத்துலகூட வராது. அதுக்கும் நீங்க சரின்னு சொல்லணும்" என்றாள்.

சிரிப்புக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அக்கா மட்டும்தான் வருவாங்களா?" என்று கேட்டாள்.

"அவங்க மட்டும்தான்."

எதிர்பார்க்காத இடத்திலிருந்து பதில் வந்தது. "வேணாம்" என்றாள் பாட்டக்கா. "அந்த மூஞ்சியப் போடாதீங்க. பாத்துட்டுப் பாடற மூஞ்சி அது. எனக்கும் சம்மதமில்லன்னு எழுதிக்குங்க."

நிலையத்து அம்மாள் சங்கடத்தோடு நெளிந்தாள். "அம்மா... பாடினவங்ககிட்ட நாங்க கேக்குறதே இல்ல. அந்த ஒப்பந்தத்துல தொகுப்பாளருங்கதான் வேணாம்னு சொல்ல முடியும்."

இத்தனை நாளும் இல்லாத சிரிப்பு ஒன்று பாட்டக்காவின் முகத்தில் வந்து போனது. பிறகு, நான்கு நாளாக முகம் கொடுக்காமல் இருந்தவளை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"அப்ப நீதாம்மா சொல்லணும். என்னுதையும் சேத்து நீயே வேணாம்னு சொல்லிடு."

சிரிப்புக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. "ரெண்டு பேருக்கும் சம்மதமில்ல" என்றாள் நிலையத்து அம்மாளிடம். அந்த அம்மாள் மடிக்கணினியை மூடப் போனபோது சிரிப்புக்காரி கையைக் காட்டித் தடுத்தாள்.

"கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ போடுங்க. படம் வேணாம், பாட்டு மட்டும்."

மடிக்கணினியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஏணிக்காரனும் உள்ளே வந்தான். சிரிப்புக்காரி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். காற்றின் சத்தம் வெளியே போனது, பாட்டு உள்ளே நிறைந்தது. ஆவி பிடித்த அந்தப் புழுக்கத்தில் நான்கு பேரும் வியர்த்துக்கொண்டு கேட்டார்கள். பாட்டக்கா கண்ணை மூடியிருந்தாள். இரண்டாவது சரணத்தில் அந்தச் சொல் விழுந்தது. சிரிப்புக்காரியின் கை தானாகப் போய் முட்டியை மூடியது. பாட்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டி எழும்பி, கடைசி அடிக்கு வந்து, தேய்ந்து அடங்கியது.

இனி வரப்போவது அந்தக் கலகலச் சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அது வருவதற்குள் பாட்டக்கா எட்டி, மடிக்கணினியின் மூடியை அடித்துச் சாத்தினாள்.